வெப்சாக்கெட்: பைத்தான் வலைச் செயலிகளில் நிகழ்நேரச் செய்தி

வெப்சாக்கெட் என்பது இணைய உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே ஓர் இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு, இரு திசைகளிலும் செய்திகளை உடனுக்குடன் அனுப்ப உதவும் தகவல்தொடர்பு நெறிமுறை ஆகும். அரட்டைச் செயலிகள், கிரிக்கெட் ஓட்ட நிலவரம், பங்குச்சந்தை விலைகள், பலர் ஒரே நேரத்தில் திருத்தும் ஆவணங்கள் ஆகியவற்றில் இது பயன்படுகிறது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஒரு வலைச் செயலியில் இந்த வசதியைச் சேர்ப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டாக, குற்றாலம் அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்படும்போது அச்செய்தியைப் பல இடங்களுக்கு உடனே கொண்டு சேர்க்கும் ஒரு செயலி எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. இது கற்பதற்கான மாதிரி மட்டுமே. மாவட்ட நிருவாகம் பயன்படுத்தும் முறையைப் பற்றிய விவரிப்பு அன்று.

தென்காசி வட்டாரமும் நிகழ்நேரச் செய்தியும்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறை சிற்றூரில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய அந்நிறுவனம் 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாறியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் அமெரிக்காவிலிருந்து மத்தளம்பாறைக்குக் குடிபெயர்ந்தார். 2021 சனவரியில் அந்நிறுவனம் 'அரட்டை' என்னும் செய்திச் செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பரில் அச்செயலியில் புதிதாகச் சேர்வோர் எண்ணிக்கை மூன்றே நாட்களில் நாளொன்றுக்கு 3,000 என்ற அளவிலிருந்து 3,50,000 ஆக உயர்ந்ததாக வேம்பு அறிவித்தார். நிகழ்நேரச் செய்தி என்பது இவ்வட்டார இளைஞர்களுக்கு எட்டாத் தொலைவில் நடக்கும் தொழில்நுட்பம் அன்று என்பதற்கு இது சான்று.

இவ்வட்டாரத்திலேயே அத்தொழில்நுட்பத்தின் தேவையை உணர்த்தும் இடம் குற்றாலம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என அருவிகள் வெவ்வேறு இடங்களில் உள்ளன. பேரருவிக்கு மேலே மலைக்குள் செண்பகாதேவி அருவியும் தேனருவியும் இருக்கின்றன. அருவியடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் பெய்த மழையால் நீர்வரத்து சட்டென்று கூடுவதுண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்தபோது, குளித்துக்கொண்டிருந்தவர்களுள் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். இத்தகைய இடத்தில் ஒரு செய்தி ஐந்து நிமிடம் முன்பின்னாக வருவது சிறிய வேறுபாடு அன்று.

பழைய முறைகளும் அவற்றின் குறையும்

வலைத்தளங்கள் இயங்கும் எச்டிடிபி நெறிமுறை கேள்வி–பதில் முறையில் அமைந்தது. உலாவி கேட்கும், வழங்கி விடை தரும், அத்துடன் பரிமாற்றம் முடியும். உலாவி கேட்காமல் வழங்கி தானாகப் பேச இயலாது. இதைக் கடக்க மூன்று வழிகள் கையாளப்பட்டன.

1. திரும்பத் திரும்பக் கேட்டல்: உலாவி சில நொடிகளுக்கு ஒருமுறை "புதிதாக ஏதேனும் உண்டா?" என்று கேட்கும். 500 உலாவிகள் 5 நொடிக்கு ஒருமுறை கேட்டால் வழங்கிக்கு நொடிக்கு 100 கேள்விகள், மணிக்கு 3,60,000 கேள்விகள் வரும். நாள் முழுவதும் நிலை மாறாவிட்டாலும் இத்தனைக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

2. நீள் காத்திருப்பு: கேள்வியைப் பெற்ற வழங்கி, செய்தி வரும்வரை விடை சொல்லாமல் நிறுத்தி வைக்கும். செய்தி போனதும் உலாவி மறுபடி கேள்வி அனுப்ப வேண்டும்.

3. வழங்கி அனுப்பும் நிகழ்வுகள்: ஒரே எச்டிடிபி விடையை முடிக்காமல் நீட்டித்து, அதன் வழியே வழங்கி தொடர்ந்து செய்தி அனுப்பும். இது வழங்கியிலிருந்து உலாவிக்குச் செல்லும் ஒருவழிப் பாதை. ஒருவழியே போதும் என்னும் இடங்களில் வெப்சாக்கெட்டை விட இதுவே எளிது.

நமது மாதிரியில் அருவிப் பணியாளர் தடையை அறிவிக்க வேண்டும். செய்தி கிடைத்ததை மற்ற இடங்களில் உள்ளோர் உறுதிப்படுத்த வேண்டும். இரு திசையிலும் பேச்சு நடப்பதால் வெப்சாக்கெட் பொருந்துகிறது. முந்தைய முறைகளைக் கடிதப் போக்குவரத்து என்று கொண்டால், வெப்சாக்கெட்டை வைக்காமல் பிடித்திருக்கும் தொலைபேசிக்கு ஒப்பிடலாம்.

வரலாறு

இந்நெறிமுறை 2008இல் எச்டிஎம்எல்5 வரைவு தொடர்பான உரையாடல்களில் உருப்பெற்றது. அவ்வாண்டில் இயான் ஹிக்சன், மைக்கேல் கார்ட்டர் ஆகியோரின் உரையாடலில் வெப்சாக்கெட் என்ற பெயர் அமைந்தது. 2009 திசம்பரில் கூகுள் குரோம் 4 இதை ஏற்ற முதல் உலாவியாயிற்று. 2011 திசம்பரில் இணையப் பொறியியல் செயற்குழு இதனை ஆர்எஃப்சி 6455 என்னும் தர ஆவணமாக வெளியிட்டது. இன்று வழக்கிலுள்ள உலாவிகள் அனைத்தும் இதை ஏற்கின்றன.

செயல்படும் விதம்

கைகுலுக்கல்: வெப்சாக்கெட் இணைப்பு ஓர் எச்டிடிபி கேள்வியாகவே தொடங்குகிறது. "இந்த இணைப்பை வெப்சாக்கெட்டாக மாற்ற விரும்புகிறேன்" என்று உலாவி தலைப்பு வரிகளில் தெரிவிக்கும். அத்துடன் 16 பைட் நீளமுள்ள தற்செயல் மதிப்பு ஒன்றை பேஸ்64 வடிவில் அனுப்பும். வழங்கி அதனுடன் தர ஆவணத்தில் வரையறுக்கப்பட்ட நிலையான சரம் ஒன்றைச் சேர்த்து, எஸ்எச்ஏ-1 முறையில் சுருக்கித் திருப்பி அனுப்பும். விடையின் நிலைக்குறி 101, அதாவது 'நெறிமுறை மாற்றப்படுகிறது'. இந்தக் கணக்கீட்டைக் கடவுச்சொல் போன்ற பாதுகாப்பு என்று கருதிவிடக் கூடாது. மறுமுனையில் இருப்பது வெப்சாக்கெட் அறிந்த வழங்கிதான் என்பதை மட்டுமே அது காட்டுகிறது.

ஃபிரேம்: அதன்பின் செய்திகள் ஃபிரேம் எனப்படும் சிறு பொதிகளாகச் செல்லும். 125 பைட் வரையிலான செய்திக்குத் தலைப்பு 2 பைட் போதும். உலாவியிலிருந்து செல்லும் ஃபிரேமில் மட்டும் 4 பைட் முகமூடித் திறவி கூடுதலாக இருக்கும். உரைச் செய்திகள் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் செல்கின்றன. அதில் தமிழ் ஒருங்குறியின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் தேவை. 'குளிக்கத் தடை' என்ற தொடரில் 12 தமிழ்க் குறிகளும் ஓர் இடைவெளியும் உள்ளன. எனவே 37 பைட். தலைப்பைச் சேர்த்தால் வழங்கியிலிருந்து செல்லும் ஃபிரேம் 39 பைட். ஒவ்வோர் எச்டிடிபி கேள்வியும் தலைப்பு வரிகளுக்கு மட்டுமே பல நூறு பைட் எடுத்துக்கொள்வது வழக்கம்.

உரை, இருமத் தரவு ஆகியவற்றுக்கான ஃபிரேம்களுடன், இணைப்பு உயிருடன் உள்ளதா என்று பார்க்கும் 'பிங்', 'பாங்' ஃபிரேம்களும், இணைப்பை முறையாக முடிக்கும் ஃபிரேமும் உண்டு. முறையான முடிவின் குறியெண் 1000. மின்தடை, சிக்னல் இழப்பு ஆகியவற்றால் அறுந்த இணைப்பை உலாவி 1006 என்ற எண்ணால் குறிக்கும்.

பைத்தானில் இதற்கான அடித்தளம்

பைத்தான் வலைச் செயலிகள் நெடுங்காலமாக டபிள்யூஎஸ்ஜிஐ என்னும் இடைமுகத்தின்மேல் இயங்கிவந்தன. 2003இல் வரையறுக்கப்பட்ட அம்முறையில் ஒரு கேள்விக்கு ஒரு விடை. விடை தந்ததும் பணி முடிந்தது. மணிக்கணக்கில் திறந்திருக்கும் இணைப்புக்கு அதில் இடமில்லை. ஓர் இணைப்புக்கு ஒரு பணியிழை என்று ஒதுக்கினால் 500 இணைப்புகளுக்கு 500 பணியிழைகள் சும்மா காத்திருக்க நேரும்.

2014இல் வந்த பைத்தான் 3.4 ஏசிங்க்-ஐஓ நிரலகத்தையும், 2015இல் வந்த பைத்தான் 3.5 'ஏசிங்க்', 'அவெய்ட்' என்னும் சொற்களையும் கொண்டுவந்தன. ஒரு செயற்கூறு 'அவெய்ட்' என்ற இடத்தை அடைந்ததும் "எனக்கான செய்தி வரும்வரை மற்றவர்கள் வேலையைப் பார்க்கலாம்" என்று ஒதுங்கி நிற்கும். ஒரே பணியிழை ஆயிரக்கணக்கான இணைப்புகளை இவ்வாறு கவனிக்க இயலும். இதன்மேல் எழுந்த புதிய இடைமுகம் ஏஎஸ்ஜிஐ. ஆண்ட்ரூ காட்வின் உருவாக்கிய ஜாங்கோ சேனல்ஸ் திட்டத்திலிருந்து அது தோன்றியது. 2019 திசம்பரில் வெளிவந்த ஜாங்கோ 3.0 அதனை ஏற்றது.

பயனில் உள்ள கருவிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- ஃபாஸ்ட்ஏபிஐ: ஸ்டார்லெட் என்னும் அடித்தளத்தின்மேல் அமைந்த சட்டகம். வெப்சாக்கெட் வசதி உள்ளேயே இருக்கிறது. புதிதாகத் தொடங்குவோர்க்கு எளிது.
- ஜாங்கோ: இணைப்புகளைக் கையாளவும் குழுக்களாகப் பிரிக்கவும் சேனல்ஸ் நிரலகத்தைச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே ஜாங்கோவில் உள்ள செயலிக்கு இதுவே இயல்பான வழி.
- ஃபிளாஸ்க்: டபிள்யூஎஸ்ஜிஐ சட்டகம் என்பதால் தனி நீட்சி தேவை. ஃபிளாஸ்க்-சாக்கெட்ஐஓ பரவலாகப் பயன்படுகிறது. சாக்கெட்-ஐஓ வெப்சாக்கெட்டின்மேல் தனக்கென ஒரு நெறிமுறையை வைத்திருப்பதால், உலாவியிலும் அதற்குரிய நிரலகம் இருந்தால்தான் இணைப்பு அமையும்.
- டொர்னாடோ: ஃபிரெண்ட்ஃபீட் நிறுவனத்தில் உருவாகி, 2009இல் பேஸ்புக்கால் திறமூலமாக வெளியிடப்பட்டது. ஏசிங்க்-ஐஓ வருவதற்கு முன்பே நீண்ட இணைப்புகளைக் கையாண்டது.

மாதிரிச் செயலி

அருவிகளில் உள்ள பணியாளர்கள் நிலையை அறிவிப்போர். பேருந்து நிலையம், வாகன நிறுத்துமிடம், விடுதி வரவேற்பறை ஆகிய இடங்களில் உள்ள திரைகள் பெறுவோர். அனுப்பப்படும் செய்தி ஜேசான் வடிவில் நான்கு விவரங்களைக் கொண்டிருக்கும்: அருவியின் பெயர், நிலை, வரிசை எண், நேரம். ஃபாஸ்ட்ஏபிஐ சட்டகத்தில் இதன் படிகள் வருமாறு.

முதலில் ஃபாஸ்ட்ஏபிஐயையும் அதனை இயக்கும் யுவிகார்ன் வழங்கியையும் நிறுவ வேண்டும். யுவிகார்னை வெறுமனே நிறுவினால் வெப்சாக்கெட் நிரலகம் உடன் வராது. 'ஸ்டாண்டர்ட்' என்னும் கூடுதல் தொகுப்புடன் நிறுவ வேண்டும். இது தெரியாமல், நிரல் சரியாக இருந்தும் இணைப்பு அமையவில்லை என்று தேடுவோர் பலர்.

இரண்டாவதாக, திறந்திருக்கும் இணைப்புகளை வைத்துக்கொள்ள வெற்றுக் கணம் ஒன்றை உருவாக்க வேண்டும்.

மூன்றாவதாக, வெப்சாக்கெட் முகவரி ஒன்றை வரையறுத்து, அதற்கு 'ஏசிங்க்' வகைச் செயற்கூறு ஒன்றை எழுத வேண்டும். அச்செயற்கூறு இணைப்பை ஏற்கும், கணத்தில் சேர்க்கும், தற்போதைய நிலையைத் தரவுத்தளத்திலிருந்து படித்து அந்த இணைப்புக்கு அனுப்பும். இங்கே வரிசை முக்கியம். நிலையைப் படித்துவிட்டுப் பிறகு கணத்தில் சேர்த்தால், இடைப்பட்ட நேரத்தில் வந்த தடை அந்தத் திரைக்குப் போய்ச் சேராது. முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு படித்தால், அதிகமாகப் போனால் ஒரே செய்தி இருமுறை வரும். வரிசை எண்ணைப் பார்த்துப் பழையதைத் திரை ஒதுக்கிவிடலாம்.

நான்காவதாக, முடிவிலாச் சுழற்சியில் 'அவெய்ட்' கொண்டு செய்தியை எதிர்நோக்க வேண்டும். அனுமதி பெற்ற பணியாளரிடமிருந்து செய்தி வந்தால், முதலில் தரவுத்தளத்தில் பதிந்து, பிறகு எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பியபின் பதிவது என்று மாற்றி எழுதினால், இடையில் வழங்கி நின்றுபோகும்போது திரைகள் ஒன்றையும் தரவுத்தளம் வேறொன்றையும் சொல்லும்.

ஐந்தாவதாக, இணைப்பு எந்தக் காரணத்தால் முடிந்தாலும் கணத்திலிருந்து நீக்கும் வரி கட்டாயம் இயங்க வேண்டும். 'ஃபைனலி' பகுதியில் அதை எழுதுவது வழக்கம்.

எல்லோருக்கும் அனுப்பும் பகுதியில் இரண்டு கவனிப்புகள் தேவை. கணத்தை நேரடியாகச் சுழற்றிக்கொண்டே அனுப்பினால், நடுவில் ஒருவர் இணைந்தாலோ விலகினாலோ பைத்தான் பிழை காட்டி நிறுத்திவிடும். எனவே கணத்தின் நகல் ஒன்றை எடுத்து அதன்மேல் சுழற்ற வேண்டும். அடுத்து, ஒவ்வொருவருக்கும் வரிசையாக அனுப்பினால், மலையடிவாரத்தில் சிக்னல் மங்கிய ஒரு கைப்பேசி பின்னால் உள்ள அனைவரையும் காக்க வைக்கும். ஏசிங்க்-ஐஓவின் 'கேதர்' செயற்கூற்றால் ஒருங்கே அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் சில நொடி உச்சவரம்பு வைக்க வேண்டும். வரம்பு தாண்டிய இணைப்பை மூடிவிட்டால் அது திரும்ப வந்து புதிய நிலையைப் பெற்றுக்கொள்ளும்.

காத்திருக்கும் தன்மையில்லாத வேலைகளை இச்செயற்கூறுகளுக்குள் வைக்கக் கூடாது. பழைய வகை 'ஸ்லீப்' கட்டளையோ, மெதுவான தரவுத்தளக் கேள்வியோ இருந்தால், அது முடியும்வரை அந்தச் செயல்முறையிலுள்ள அத்தனை இணைப்புகளும் உறைந்து நிற்கும்.

பாதிப் பேருக்கு மட்டும் செய்தி போவது ஏன்?

சொந்தக் கணினியில் ஒழுங்காக இயங்கிய செயலி, வழங்கியில் ஏற்றியதும் சிலருக்குச் செய்தி தருவதும் சிலருக்குத் தராததுமாக இருக்கும். வழங்கியில் செயலி ஒன்றுக்கு மேற்பட்ட செயல்முறைகளாக இயக்கப்படுவதே பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு செயல்முறைக்கும் தனி நினைவகம். எனவே தனித்தனி இணைப்புக் கணம். பழைய குற்றாலத்துப் பணியாளர் முதல் செயல்முறையிலும், பேருந்து நிலையத் திரை இரண்டாவதிலும் இணைந்திருந்தால், தடைச் செய்தி அந்தத் திரையை எட்டாது. பிழைச் செய்தியும் வராது.

இதற்குத் தீர்வு, செயல்முறைகளுக்கு நடுவே பொதுவான செய்தித் தரகர் ஒன்றை வைப்பது. ரெடிஸ் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. செய்தியைப் பெற்ற செயல்முறை அதனை ரெடிஸின் ஓர் அலைவரிசையில் வெளியிடும். எல்லாச் செயல்முறைகளும் அந்த அலைவரிசையைக் கேட்டு, தத்தம் இணைப்புகளுக்கு அனுப்பும். ஜாங்கோ சேனல்ஸில் இவ்வேலையைச் 'சேனல் லேயர்' செய்கிறது. ஆனால் ரெடிஸின் வெளியீட்டு முறை செய்தியைச் சேமித்து வைப்பதில்லை. அந்நொடியில் கேட்டுக்கொண்டிருப்போர்க்கு மட்டுமே கொடுக்கும். ஆதலால் நிலையின் உண்மைப் பதிவு தரவுத்தளத்திலேயே இருக்க வேண்டும்.

துண்டிப்பும் பொய்யான நிலையும்

நிகழ்நேரச் செயலியில் செய்தி வராமற்போவதை விட ஆபத்தானது, பழைய செய்தி புதியது போல நிற்பது. கம்பி அறுந்த ஒரு திரை 'குளிக்கலாம்' என்று காட்டிக்கொண்டே இருந்தால், அதை நம்பி அழைத்துச் செல்லப்படும் குழந்தைகள் உண்டு.

வழங்கி 'பிங்' அனுப்பி, விடையில்லா இணைப்பைக் களையும். யுவிகார்னில் இதன் இயல்பு இடைவெளி 20 நொடி. ஆனால் உலாவி 'பிங்'குக்குத் தானே 'பாங்' சொல்லிவிடுகிறது; பக்கத்தில் உள்ள நிரலுக்கு அது தெரிவதில்லை. எனவே வழங்கி 15 நொடிக்கு ஒருமுறை சாதாரணச் செய்தியாகவே ஓர் உயிர்த்துடிப்பை அனுப்ப வேண்டும். திரையில் உள்ள நிரல் 45 நொடி வரை துடிப்பு வராவிட்டால், பழைய நிலையை அழித்து 'நிலவரம் தெரியவில்லை. அருவிக்குச் செல்லும் முன் கேட்டறிக' என்று காட்ட வேண்டும். ஐயம் ஏற்படும்போது 'குளிக்கலாம்' என்ற சொல் திரையில் இருக்கக் கூடாது என்பதே விதி.

உலாவியின் வெப்சாக்கெட் தானாக மறு இணைப்புச் செய்யாது; அதை நாமே எழுத வேண்டும். ஊர் முழுவதும் மின்சாரம் போய்த் திரும்பினால் எல்லாத் திரைகளும் ஒரே நொடியில் வழங்கியை மொய்க்கும். முதல் முயற்சிக்கு 1 நொடி, அடுத்து 2, 4, 8 என இடைவெளியைக் கூட்டி, அதனுடன் சிறு தற்செயல் அளவையும் சேர்த்தால் நெரிசல் குறையும்.

வழங்கிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்திருப்போர், நெறிமுறை மாற்றத்திற்கான தலைப்பு வரிகளை அது கடத்துமாறு அமைக்க வேண்டும். 60 நொடி எந்தத் தரவும் வராவிட்டால் அது இணைப்பை மூடிவிடுவது இயல்பு அமைப்பு. மேற்கூறிய உயிர்த்துடிப்பு இதற்கும் மருந்தாகும்.

பாதுகாப்பு

பெறுவது யாராகவும் இருக்கலாம்; அனுப்புவது அனுமதி பெற்றவராக மட்டுமே இருக்க வேண்டும். விளையாட்டாக ஒருவர் 'தடை நீக்கப்பட்டது' என்று அனுப்பக்கூடிய செயலி, செயலியே இல்லாததை விடக் கெடுதல்.

- இணைப்பு எப்போதும் மறையாக்கம் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். எச்டிடிபிக்கு எச்டிடிபிஎஸ் போல, டபிள்யூஎஸ் முகவரிக்கு டபிள்யூஎஸ்எஸ் உண்டு.
- உலாவியின் வெப்சாக்கெட்டில் நாம் விரும்பும் தலைப்பு வரிகளைச் சேர்க்க இயலாது. எனவே குக்கி வழியாகவோ, முதல் செய்தியில் அனுப்பும் அடையாளச் சீட்டு வழியாகவோ பயனரை அறிய வேண்டும்.
- குக்கியை நம்பினால், கைகுலுக்கலில் வரும் 'ஆரிஜின்' வரியைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். இல்லையேல் பிற தளத்தின் பக்கம் ஒன்று, உள்நுழைந்திருக்கும் பணியாளரின் பெயரில் இணைப்பைத் திறந்துவிடும்.
- செய்தியின் நீளத்துக்கு வரம்பு வேண்டும். நிலை என்பது முன்னரே வகுத்த சில சொற்களுள் ஒன்றாக மட்டுமே இருக்க வேண்டும்.
- யார், எப்போது, எதை அறிவித்தார் என்பது பதிவாக வேண்டும்.

வரம்புகள்

வெப்சாக்கெட் செய்தி, பக்கம் திறந்திருக்கும் திரைக்கு மட்டுமே செல்லும். கைப்பேசியில் பக்கத்தை மூடிவிட்டவருக்குச் செய்தி சேர்க்கத் தள்ளு அறிவிப்பு என்னும் வேறு வழி தேவை. அருவியில் நிற்பவர் கைப்பேசியை வெளியே கொடுத்துவிட்டுத்தான் நிற்பார். அவரை எட்டுவது காவலரின் ஊதலும் ஒலிபெருக்கியும்தான். இத்தகைய செயலி செய்யக்கூடியது, அந்த ஊதலை ஊதுபவருக்கு மற்ற அருவிகளின் நிலையை முன்கூட்டிச் சொல்வதும், தென்காசியிலிருந்து புறப்பட இருப்போரை நிறுத்துவதும் ஆகும்.

பயிற்சி

கற்போர் பின்வரும் வரிசையில் முயன்று பார்க்கலாம். ஒரே அருவி, ஒரே செயல்முறை கொண்டு மாதிரியை எழுதுக. இரண்டு உலாவிச் சாளரங்களில் திறந்து, ஒன்றில் நிலையை மாற்றி மற்றதில் காண்க. யுவிகார்னை இரண்டு செயல்முறைகளாக இயக்கி, சாளரங்களைப் பலமுறை திறந்து மூடி, செய்தி தவறுவதைக் கண்டபின் ரெடிஸைச் சேர்க்க. கடைசியாக, கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் இணைய இணைப்பை நிறுத்துக. 45 நொடிக்குள் 'நிலவரம் தெரியவில்லை' என்று திரை சொன்னால் மட்டுமே செயலி பிறர் பயன்பாட்டுக்குத் தகுதியுடையது.